பெட்டைக் குட்டிகள்

சென்ற கார்த்திகை மாதத்து மழைநாளொன்றில், எங்கள் வீட்டுக் கோடிப்புறத்தில் விறகு அடுக்கியிருந்த பத்தியினுள், யாருடையதென்று தெரியாத நாயொன்று ஐந்து குட்டிகளை ஈன்றது. எங்களைக் கேட்டிருந்தால் மறுத்திருப்போம். மூன்றாம் நாள் இரை தேடிப் பெருந்தெருவுக்குச் சென்ற தாய், வாகனமொன்றில் அடிபட்டு இறந்தது. கண் திறவாத ஐந்து குட்டிகளும் பத்தியில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்து முனகின.

செய்தி ஒழுங்கை முழுவதும் பரவ ஒரு பொழுது போதுமாயிருந்தது. முதலில் வந்தவர் வேலிக்கு அப்பால் வசிக்கும் ஆச்சி. குனிந்து ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்தார். "நாலு பெட்டை, ஒரு கடுவன். கடுவனை வைச்சுக்கொண்டு மிச்சத்தைச் சந்தையடியிலை விட்டிட்டு வாங்கோ மாஸ்ரர். இறைச்சிக்கடைப் பக்கம் எண்டால் எப்பிடியும் பிழைச்சுக்கொள்ளும்" என்றார்.

ஆச்சி கொடியவர் அல்லர். வெள்ளிதோறும் விரதம் இருப்பவர். பசித்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதவர். அவர் சொன்னது அவருடைய சொல்லன்று. தலைமுறை தலைமுறையாக நாம் எல்லோரும் சொல்லிவந்த சொல். பதினொரு வயதில் நானே மூன்று குட்டிகளைச் சாக்கிலிட்டுக் கொண்டுபோய் வைரவர் கோயில் வாசலில் விட்டு வந்தவன். நாய் வைரவருக்கு வாகனமாதலால் அவர் பார்த்துக்கொள்வார் என்று வீட்டிலே சொன்னார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியால் போகாமல் வேறு வழியாற் போனேன்.

இம்முறை வேறு வழியாற் போக மனம் வரவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியன் நேரமில்லை என்று சொல்லவும் முடியாது.

குட்டி வளர்ப்பைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணங்கள் யாவும் பிழை என்பதை மிருக வைத்தியர் முதல் நாளே உணர்த்தினார். நான் பால் கொடுக்க ஓடினேன். அவர் முதலிற் சூடு கொடுக்கச் சொன்னார். பிறந்த குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. உடல் குளிர்ந்துவிட்ட குட்டிக்குப் பால் செமியாது, ஊட்டுவதும் ஆபத்து. ஆகவே பனையோலைக் கடகமொன்றில் பழஞ்சேலை விரித்து, வெந்நீர்ப் போத்தல்களைத் துணியிற் சுற்றி ஓரத்தில் வைத்தோம். பசுப்பாலும் உதவாது என்றார். நாயின் பாலிற் கொழுப்பும் புரதமும் பசுப்பாலிலும் மிகுதி; பசுப்பால் குட்டிக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், ஊட்டினோம். கைக்குழந்தையைப்போல் மல்லாக்கப் பிடித்தால் பால் சுவாசப்பையிற் புகுந்துவிடும். வயிறு கீழாக இருக்கவேண்டும். ஊட்டியபின் ஈரப் பஞ்சினால் அடிவயிற்றைத் தடவவேண்டும். அந்தத் தூண்டுதல் இன்றி முதற் கிழமைகளில் குட்டி சிறுநீரும் மலமும் கழிக்கமாட்டாது. தாய் நாய் குட்டியை ஓயாமல் நக்குவதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

நாள்தோறும் நிறுக்கவும் சொல்லியிருந்தார். பெட்டைகளுள் சிறியதன் எடை இரண்டு நாள் கூடவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றிருந்தேன். எட்டாம் நாள் விடியற்காலையில் அது கடகத்தில் விறைத்துக் கிடந்தது. அந்தப் பிழை என்னுடையது.

பன்னிரண்டாம் நாள் மற்றவை கண் திறந்தன. அதன்பின் படலையடியில் ஆட்கள் வரத் தொடங்கினர். எல்லோரும் கேட்ட முதற் கேள்வி ஒன்றே: "கடுவன் இருக்கோ?" அந்த ஒரு கடுவனுக்கு ஏழு பேர் வந்தனர். மூன்று பெட்டைகளுக்கு ஒருவரும் வரவில்லை. பெட்டை காவல் காவாதா, அதற்குக் குரைக்கத் தெரியாதா என்று கேட்டேன். "அது குட்டி போடுமே மாஸ்ரர்" என்றார் ஒருவர். அது தானாகக் குட்டி போடுவதில்லை என்பதை அவருக்கு நினைவூட்டினேன். இரவெல்லாம் படலையைத் திறந்து கடுவனைத் திரியவிடுபவர், ஊரில் ஈன்ற குட்டிகளில் தமக்குப் பங்கில்லை என்று நிம்மதியாகத் தூங்குகிறார். பங்கு முழுவதையும் பெட்டை சுமக்கிறது. அதனைச் சந்தைக்கும் அனுப்பிவிடுகிறோம்.

இதன் கணக்கு எளிது. பெட்டை நாய் ஏறத்தாழ அறுபத்து மூன்று நாள் சுமந்து ஈனும். ஆண்டுக்கு இருமுறையும் ஈனக்கூடும். சந்தையில் விடப்பட்ட பெட்டை செத்தால் பாவம் நம்முடையது. பிழைத்தால் ஓராண்டுக்குள் அதே சந்தையில் அதுவும் ஈன்று நிற்கும். பிறகு தெருநாய்த் தொல்லை பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுபவர்களும் நாமே. அமெரிக்க ஆய்வாளரான ஸ்கொட்டும் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட நூலில், நாய் மனிதரோடு பழகக் கற்கும் பருவம் மூன்றாம் கிழமைக்கும் பன்னிரண்டாம் கிழமைக்கும் இடைப்பட்டது என்று காட்டினார்கள். நாம் குட்டிகளைச் சாக்கிற் கட்டுவது பெரும்பாலும் அந்தப் பருவத்திலேதான். மனிதனைக் கண்டு அஞ்சிக் கடிக்கும் நாயை இவ்வாறு நாமே உருவாக்குகிறோம்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்பர் சிலர். அரசாங்கம் நெடுங்காலம் தன் வழியிற் பார்த்தது. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டத்தின் காலந்தொட்டுத் தெருநாய்கள் கொல்லப்பட்டு வந்தன. அவ்வாறு கொன்றுவந்த காலத்திலேயே, 1973இல், இந்நாட்டில் அந்நோயால் 377 பேர் இறந்தனர். அத்தொகை பின்னர் ஆண்டுக்குச் சில பத்துப் பேராகக் குறைந்ததற்கு நாய்களுக்கு இட்ட தடுப்பூசியே முதன்மைக் காரணம். 2006இல் கொல்லாமை அரசின் கொள்கையாயிற்று. அறமென்று நாம் போற்றும் கொல்லாமை சட்டத்துக்கும் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் கைவிடுவதைக் கொல்லாமை என்று நாம் நமக்கே சொல்லிக்கொள்கிறோம். மகாபாரத முடிவிலே தருமரிடம் நாயைக் கொல் என்று இந்திரன் சொல்லவில்லை. விட்டுவிட்டு வா என்றுதான் சொன்னான். தருமர் மறுத்தது அதனையே. இக்கதையைப் பல ஆண்டுகள் வகுப்பிற் சொன்ன எனக்கு அந்த வேறுபாடு இப்போதுதான் தெரிந்தது.

கைவிடுதல் இன்னதென்று நாம் அறியாதவர்களும் அல்லர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எங்கள் வீட்டு நாயை அவிழ்த்துவிட்டுப் புறப்பட்டோம். அது செம்மணி வெளிவரை பின்னால் வந்தது. சனநெருக்கத்தில் அப்பாற் காணவில்லை. அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. வழி இருக்கும் இந்நாளில் செய்வதற்கு அந்த நியாயத்தைச் சொல்ல முடியாது.

வழி உண்டு என்றேன். ஆறு மாதமானதும் கடுவனுக்கும் பெட்டைக்கும் ஒருங்கே கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கலாம். விசர்நாய்க்கடித் தடுப்பூசியைத் தவறாமல் இடலாம். சிகிச்சைச் செலவைத் தாங்க இயலாத வீடுகள் பல. பிரதேச சபைகள் அச்செலவிற் பங்கேற்கவேண்டும் என்று நாம் கேட்கவேண்டும். சிவபூமி அறக்கட்டளை இயக்கச்சியில் நாய்களுக்கெனச் சரணாலயம் அமைத்திருக்கிறது, போற்றத்தக்க பணி. ஆயினும் ஊர் முழுவதும் தன் சாக்குகளை அங்கே அனுப்புமாயின் எந்தச் சரணாலயமும் தாங்காது.

கடுவனைக் கேட்டு வந்தவர்களிடம், கூடவே ஒரு பெட்டையையும் ஏற்றால்தான் தருவேன் என்று சொன்னேன். ஆறு பேர் திரும்பிப் போனார்கள். ஒருவர் இரண்டையும் கொண்டு சென்றார். மற்ற இரு பெட்டைகளும் எங்கள் முற்றத்திலே நிற்கின்றன. சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. முன்பின் அறியாதவர் ஒழுங்கையில் நடந்தால் இரண்டும் கடுவனுக்குச் சற்றும் குறையாமற் குரைக்கின்றன.

சென்ற வெள்ளிக்கிழமை வைரவர் கோயில் வாசலில் உரப்பை ஒன்று கிடந்து அசைந்தது. அவிழ்த்துப் பார்த்தேன்: நான்கு குட்டிகள், நான்கும் பெட்டை. அதனைக் கட்டிய பெரியவர்மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அவ்வழியில் வந்தவனே. ஆனால் அதை அவர் தம் பிள்ளையின் கையிற் கொடுத்து அனுப்பியிருக்கக்கூடும். அந்தப் பிள்ளை எந்த வகுப்பிலோ எந்த ஆசிரியரின் முன்னோ இருக்கிறது. திங்கட்கிழமை அது வேறு வழியாற் பள்ளிக்கூடம் வந்திருக்கும். அதனோடு யாராவது பேசவேண்டும்.