வெள்ளைச் சீருடையில் விழும் மண்ணிறக் கறை



வெள்ளைச் சீருடையில் மண்ணிறக் கறையோடு ஒரு பிள்ளை பாடசாலைக்கு வந்தால், "உம்மாவுக்குக் கவனமில்லை" என்று சொல்வது சுலபம். பல வீடுகளில் உண்மையான காரணம் ஸ்டீம் அயனுக்குள் நாட்கணக்கில் கிடக்கும் தண்ணீர்தான்.

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் அயனுக்குள்ளும் சேர்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியம் சூடேறும்போது கட்டியாகி, ஆவி வரும் துளைகளை அடைக்கிறது. பிறகு ஒரு நாள் ஆவியோடு சேர்ந்து துணியில் கொட்டுகிறது. நமது கரையோரக் கிணறுகளின் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. உங்கள் கேத்தலைப் பாருங்கள். வெள்ளை படிந்தால் அந்தத் தண்ணீரை அயனுக்கு ஊற்றாதீர்கள். காய்ச்சி வடித்த தண்ணீர் போதும். வாசனைக்காக அத்தரோ பன்னீரோ ஒருபோதும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி, மிச்சத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். வயரைச் சூடு ஆறிய பிறகே சுற்றுங்கள். 'செல்ஃப் கிளீன்' பொத்தான் இருந்தால் மாதம் ஒரு முறை தண்ணீர் நிரப்பி, உச்சச் சூடு வைத்து, பிளக்கைக் கழற்றி, பேசினுக்கு மேல் பிடித்து அதை அழுத்துங்கள். கொதிநீர் தெறிக்கும், கை கவனம். வினாகிரி ஊற்றச் சொல்லும் வீடியோக்களை நம்பி இறங்காதீர்கள். பல கம்பனிகள் அதைக் கூடாது என்கின்றன. கூட வந்த கையேட்டைப் பாருங்கள்.

அபாயாத் துணி பெரும்பாலும் பொலியெஸ்டர். சூடு கூடினால் உருகி அடித்தட்டில் ஒட்டும். அடுத்து தேய்க்கும் சீருடையில் அது பதியும். ஆகவே குறைந்த சூட்டில், உட்பக்கம் திருப்பித் தேய்க்க வேண்டும். ஒட்டியதை பிளேட்டால் சுரண்டினால் தட்டின் பூச்சு போய்விடும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. 2000 வொற் அயன் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். அதை 5 அம்பியர் பிளக்கிலோ மல்டி பிளக்கிலோ போடுவது நெருப்போடு விளையாடுவது.

என் கருத்து இதுதான். மோட்டார் சைக்கிளுக்குக் கிலோமீற்றர் பார்த்து ஒயில் மாற்றும் வாப்பாமாரும் தம்பிமாரும் அயனைத் திரும்பிப் பார்ப்பதில்லை, "அது பொம்பிளைகள்ட வேலை" என்று. போடுவது எல்லோரும் தேய்த்த உடுப்பு. பராமரிப்பு மட்டும் ஏன் ஒருவர் தலையில்? 2022 ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறிய நாட்டில் இருக்கிறோம். படிவு அடைத்த அயனால் ஒரே சட்டையை மூன்று தரம் தேய்ப்பதும், பத்து நிமிடக் கவனத்தில் பிழைக்கும் சாமானை வீசிவிட்டுப் புதிது வாங்குவதும் வீண்விரயம். வீண்விரயம் பற்றி நமது மார்க்கம் சொன்னதை ஜும்ஆவில் கேட்கிறோம். வீட்டுச் சாமானுக்கும் அது பொருந்தும்.

இந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் உங்கள் மகனைக் கூப்பிட்டு அயனைச் சுத்தம் செய்யக் காட்டிக் கொடுங்கள். பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள்.