மீட்டர்கேஜ் எஞ்சினும் அதை ஓட்டியவர்களும்

நெல்லையிலிருந்து சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகத் தென்காசிக்கு மீட்டர்கேஜ் வண்டிகளை இழுத்த டீசல் எஞ்சின்களைப் பற்றிச் சிலர் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். 2012-ல் அகலப்பாதை திறந்தபின் அந்த ஏக்கம் கூடியிருக்கிறது. இதை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆலைக்கும் அறுவடைக்கும் நம்மைச் சுமந்த வண்டியல்லவா!

'ஒய்டிஎம்-4' என்ற அந்த எஞ்சின் 1961-ல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1968 முதல் காசியில் நம் தொழிலாளர்களே அதைச் செய்தனர். அது வந்ததால் பயர்மேன் நெருப்பின் முன் வேகும் கொடுமை ஒழிந்தது; நல்லதே. ஆனால் கரி அள்ளியவரும் சாம்பல் வாரியவரும் பாய்லர் கழுவியவரும் செய்த வேலை அத்தோடு போயிற்று. எஞ்சின் நம்பரை மனப்பாடமாகச் சொல்லும் அன்பர்கள் இதைச் சொல்வதில்லை.

ஷெட்டும் பட்டறையும் வெறும் இரும்புக் கொட்டகைகளா? ஆட்குறைப்பை எதிர்த்து 1928-ல் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1946 செப்டம்பர் 5-ல் பொன்மலையில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஐந்து பேர் பலியாயினர். நாள் முழுதும் எஞ்சினிலேயே கிடந்த ஓட்டுநர்கள், 10 மணி நேர வேலை வரம்பு கேட்டு 1973-ல் போராடினர். அடுத்த ஆண்டு மே 8-ல் நாடு முழுவதும் ரயில் நின்றது.

எஞ்சினுக்கு வர்ணம் பூசி ஸ்டேஷன் வாசலில் நிறுத்தட்டும். பக்கத்திலேயே இந்த விவரங்களையும் பலகையில் எழுதட்டும். ஓய்வுபெற்ற ரயில்வேத் தொழிலாளர்களின் வாய்மொழியை நிர்வாகமும் சங்கங்களும் உடனே பதிவு செய்யவேண்டும். கரி எஞ்சினில் வேலை பார்த்தவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.