மாத்த வேண்டியது முழு செட்டையுமோ?

"கொம்பியூட்டர் ஸ்லோவா இருக்கு" எண்டு கடைக்குக் கொண்டுபோங்கோ. அநேகமாக வாற பதில் ஒண்டுதான்: "உது பழசு, முழு செட்டையும் மாத்துங்கோ." 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியபிறகு இந்தப் பதிலுக்கு இன்னும் துணிவு வந்துவிட்டது. "விண்டோஸ் 11 உதில ஏறாது" எண்டு சொன்னால் கதை முடிஞ்சுதாம்.

முடியேல்லை. புரொசெசரை மட்டும் மாற்றலாமா என்பதைத் தீர்மானிப்பது மதர்போர்ட். அதைப் பார்க்காமல் சொல்லப்படும் எந்த ஆலோசனையும் விற்பனைப் பேச்சுத்தான்.

2017இல் ரைசன் 5 1600 வாங்கிய ஒருவரை எடுப்போம். விண்டோஸ் 11 பட்டியலில் அந்தப் புரொசெசர் இல்லை. ஆனால் அவருடைய ஏஎம்4 போர்டுக்குப் பயாஸ் அப்டேட் வந்திருந்தால், 2022இல் வெளிவந்த ரைசன் 5 5600ஐ அதிலேயே போடலாம். ரேம், பவர் சப்ளை, கேசிங் எல்லாம் பழையதே. பயாஸில் டிபிஎம்மை ஒன் பண்ணினால் விண்டோஸ் 11உம் ஏறும்.

அதே வருடம் இன்டெல் ஐ7 7700 வாங்கியவருக்கு இந்த வழி இல்லை. அந்த ஒக்டோபரிலேயே எட்டாம் தலைமுறை வந்தது. சொக்கெட்டில் அதே 1151 தொடுமுனைகள். ஆனால் புது போர்ட் வேணும் எண்டது இன்டெல். மின்சாரம் வழங்கும் முறை மாறிவிட்டது என்று காரணமும் சொன்னது. பிறகு ஆர்வலர்கள் பயாஸைத் திருத்தி, பழைய போர்டிலேயே அவற்றை ஓடவிட்டுக் காட்டினார்கள். ஆக, கதவு தானாகப் பூட்டுப்படேல்லை.

மைக்ரோசொஃப்டின் பட்டியலையும் பாருங்கோ. நாலு கோர் உள்ள ஐ7 7700 வெளியில. ரெண்டு கோர் செலரோன் ஜி4900 உள்ளுக்க. பாதுகாப்புத்தான் காரணம் என்கிறார்கள். சரி, அதை "உங்கட மெஷின் செத்துப்போச்சு" எண்டு மொழிபெயர்க்கிறது ஆர்?

மற்றப் பக்கத்துக்காரருக்கும் ஒரு சொல். "ஐ3ஐக் கழட்டிப்போட்டு ஐ7 போடு" என்பதும் பல நேரம் வீண்செலவு. ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் உள்ள மெஷினில் எந்தப் புரொசெசரும் காத்துக்கொண்டுதான் நிற்கும். முதலில் எஸ்எஸ்டியும் ரேமும் போடுங்கோ. எஸ்எஸ்டியை நாளைக்கு அடுத்த மெஷினுக்கும் கொண்டுபோகலாம். கைவிடப்பட்ட சொக்கெட்டுக்கு வாங்கிய புரொசெசர் எங்கேயும் வராது.

இணையமும் டைப்பிங்கும் மட்டும் எண்டால், லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில வருசம் ஓடலாம். போர்டே பழுது, அல்லது டிடிஆர்3 காலத்து மெஷினில் வீடியோ எடிட்டிங் செய்ய வேணும் எண்டால் மட்டும், யோசிக்காமல் முழுசா மாத்துங்கோ.

இது வெறும் தொழில்நுட்பக் கதை இல்லை. எங்களுக்கு இந்தச் சாமான் எல்லாம் டொலரிலதான் வருகுது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டதை மறந்தாச்சோ? கம்பஸ் போற பிள்ளைக்காக ஒரு வீடு சேர்த்த காசு, ஆராயாமல் சொன்ன ஒரு வசனத்தில் போகக்கூடாது.

கடையில் மூண்டு கேள்வி கேளுங்கோ: என்ன டிஸ்க், எவ்வளவு ரேம், இந்த போர்ட் ஆகக் கூடியது எந்தப் புரொசெசரை ஏற்கும்? பதில் சொல்லாதவரிட்டக் காசைக் குடுக்காதையுங்கோ.