‘இரட்டைக் கரு’ன்னு மட்டும் எழுதின ஸ்கேன் ரிப்போர்ட், பாதி ரிப்போர்ட்!

1/ ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் டாக்டரா இருக்கேன். இங்க கார்ல மாட்டுற போல்ட்டை எவ்வளவு டார்க்ல முறுக்கினாங்கன்னு கூட பதிவு இருக்கும். ஆனா அந்த லைன்ல நிக்கிற பொண்ணோட இரட்டைக் கரு ஸ்கேன்ல இருக்க வேண்டிய ஒரு வரி பல நேரம் இருக்காது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த த்ரெட்.

2/ இரட்டைன்னதும் எல்லாரும் கேட்கிறது, "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமா?" முதல்ல கேட்க வேண்டியது அது இல்லைங்க. "நஞ்சுக்கொடி ஒண்ணா, ரெண்டா?" இதைக் கேளுங்க.

3/ ரெண்டு முட்டை, ரெண்டு விந்தணு சேர்ந்து உருவானா வேற வேற சாயல் இரட்டையர். ஆளுக்கொரு நஞ்சுக்கொடி, ஆளுக்கொரு பனிக்குடம். தாய்வழிப் பரம்பரை, தாயோட வயசு, கருத்தரிப்பு மருந்து எல்லாம் இதுக்குக் காரணமாகலாம். ஒட்டின வாழைப்பழம் காரணம் இல்லை!

4/ ஒரே கரு ரெண்டா பிரிஞ்சா ஒரே சாயல் இரட்டையர். எந்த நாள்ல பிரியுதுங்கிறதுதான் விஷயம். முதல் 3 நாளுக்குள்ள பிரிஞ்சா நஞ்சுக்கொடி ரெண்டு. 4-லிருந்து 8 நாளுக்குள்ள பிரிஞ்சா நஞ்சுக்கொடி ஒண்ணு, பனிக்குடம் ரெண்டு. அதுக்கும் பிறகுன்னா பனிக்குடமும் ஒண்ணுதான்.

5/ அதனால "நஞ்சுக்கொடி ரெண்டு இருக்கு, அப்ப ஒரே சாயல் இல்லை"ன்னு சொல்றதும் தப்பு. ஒரே சாயல் இரட்டையர்ல ஏறக்குறைய மூணுல ஒரு ஜோடிக்கு நஞ்சுக்கொடி தனித்தனிதான்.

6/ ஒரே நஞ்சுக்கொடின்னா ரெண்டு பேரோட ரத்தக்குழாயும் உள்ளே இணைஞ்சிருக்கும். இப்படிப்பட்ட 100 கர்ப்பத்துல 10-15ல ஒரு குழந்தையோட ரத்தம் இன்னொண்ணுக்குப் போய்க்கிட்டே இருக்கும். கொடுக்கிற குழந்தைக்குப் பனிநீர் வத்தும். வாங்குற குழந்தைக்குப் பனிநீர் பெருகி, இதயம் திணறும். தீவிரமானதைக் கவனிக்காம விட்டா பெரும்பாலும் ரெண்டையும் இழப்போம்.

7/ நேரத்துல கண்டுபிடிச்சா வழி இருக்கு. கருப்பைக்குள்ளேயே லேசர் வெச்சு அந்த இணைப்புக் குழாய்களை அடைக்கலாம். அதுக்குத்தான் 16-வது வாரத்துலேர்ந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன்.

8/ ஆனா நஞ்சுக்கொடி ஒண்ணுன்னு யாருமே எழுதலைன்னா? அப்படி ஒரு பொண்ணு என்கிட்ட வந்தாங்க. கான்ட்ராக்ட் வேலை, நைட் ஷிப்ட். முதல் ரிப்போர்ட்ல ‘இரட்டைக் கரு’, அவ்வளவுதான். ஒரே வாரத்துல வயிறு பெருத்து மூச்சு வாங்கியிருக்கு. "இரட்டைன்னா அப்படித்தான்"னு வீட்டுல சொல்லிட்டாங்க. சென்னைக்கு அனுப்பினேன். ஒரு குழந்தையோடதான் வீடு திரும்பினாங்க.

9/ "டாக்டர், பயமுறுத்தாதீங்க"ன்னு கமென்ட் வரும். பயப்படச் சொல்லலை. ஒரே நஞ்சுக்கொடி இரட்டையர்ல பெரும்பாலானவங்களுக்கு இந்தப் பிரச்சினை வர்றதே இல்லை. யாருக்கு வரும்னு முன்கூட்டியே தெரியாது. அதனால எல்லாரையும் கவனிக்கணும்.

10/ இதைத் தெளிவாப் பார்க்க ஏத்த நேரம் 11-லிருந்து 14 வாரத்துக்குள்ள. பிறகு ரெண்டு நஞ்சுக்கொடியும் பக்கத்துல ஒட்டி வளர்ந்து, ஒண்ணு மாதிரி தெரியலாம். 20 வாரத்துல வந்து கேட்டா எங்களுக்கே குழப்பம்.

11/ "ஏம்மா முன்னாடியே வரலை?"ன்னு அந்தப் பொண்ணைத் திட்டுறது சுலபம். ஒரு நாள் லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸ் போச்சு. வயித்துல இருக்கிறது தெரிஞ்சா அடுத்த மாசம் வேலை இருக்குமான்னு பயம். அந்தப் பயத்தை உருவாக்கினவங்களைத் திட்டுங்க.

12/ கம்பெனி ஹெச்ஆர்கள், கான்ட்ராக்டர்களுக்கு: அந்த ஸ்கேனுக்கு ஒரு நாள், போனஸ் பிடிக்காம கொடுங்க. உங்க லைன் நின்னுடாது.

13/ ஸ்கேன் பார்க்கிற என் சக டாக்டர்களுக்கு: நஞ்சுக்கொடி எத்தனை, பனிக்குடம் எத்தனைன்னு எழுதுங்க. படத்தையும் சேர்த்து வைங்க. எழுத ஒரு நிமிஷம் ஆகாது.

14/ கடைசியா உங்களுக்கு. ஆணா பெண்ணான்னு கேட்கிறது சட்டப்படி தப்பு. நஞ்சுக்கொடி எத்தனைன்னு கேட்கிறது உங்க உரிமை. ரிப்போர்ட்ல அந்த வரி இல்லைன்னா எழுதிக் கொடுக்கச் சொல்லிட்டு, அங்கேயே உட்காருங்க. எழுதி வாங்காம எழுந்திருக்காதீங்க.