ஐயாயிரம் யாருக்குச் சிறு தொகை?

திருவல்லிக்கேணி பாரதி சாலைக் கடைகளில் இன்று பாங்கி அட்டையை மிஷின் அருகே காட்டினால் போதும். ‘பீப்’ என்று ஒரு சத்தம், பணம் போய்விடுகிறது. ரகசிய எண் கேட்பதில்லை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, அந்த ஒரு நொடியில் யார் யாரைச் சரிபார்த்தார்கள்?

அட்டைக்குள் இருக்கும் சில்லு, அந்த ஒரு செலவுக்கு மட்டுமே செல்லும் குறியீடு ஒன்றைத் தயாரிக்கிறது. அது கடைக்காரரின் பாங்கி வழியாக, ரூபே, விசா போன்ற அமைப்பின் மூலம், அட்டை கொடுத்த பாங்கிக்குப் போகிறது. குறியீடு சரியா, பணம் இருக்கிறதா, அட்டை முடக்கப்பட்டதா என்று பார்த்து அந்தப் பாங்கி சம்மதம் தருகிறது. குறியீட்டை ஒருவன் திருடினாலும் மறுமுறை அது செல்லாது.

அப்படியானால் ஆபத்து எங்கே? சில்லு அட்டைக்குத்தான் சாட்சி சொல்கிறது, ஆளுக்குச் சொல்வதில்லை. தொலைந்த அட்டையைக் கண்டெடுத்தவன் காட்டினாலும் மிஷின் சம்மதித்துவிடும். கடைக்காரர் 200க்குப் பதில் 2,000 என்று அழுத்தினாலும் அப்படியே!

ரகசிய எண் இல்லாமல் ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் என்றிருந்த வரம்பை, ரிசர்வ் பாங்கி 2021 ஜனவரி 1 முதல் 5,000 ஆக உயர்த்தியது. ‘சிறு தொகை’ என்பது இதற்குப் பெயர்! யாருக்குச் சிறு தொகை? 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். வெயிலில் மண் சுமந்த 15 நாள் கூலி ஒரு ‘பீப்’ சத்தத்தில் போய்விடும். மில் தொழிலாளிக்கோ அது மாத வாடகை. பிள்ளையின் பள்ளிச் செலவு.

நஷ்டம் யார் தலையில்? வாடிக்கையாளர் மீதும் பாங்கி மீதும் தவறில்லாமல் மூன்றாமவரால் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்று 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் ரிசர்வ் பாங்கி சொன்னது. தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதைப் பாங்கிதான் நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது. ‘உன் அஜாக்கிரதை’ என்று கவுண்டரில் விரட்டினால் பணிந்து திரும்ப வேண்டியதில்லை. எழுத்தில் புகார் கொடுத்து ரசீது கேளுங்கள்.

புதிய அட்டையில் இந்த வசதி வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்கப்பட வேண்டும் என்று 2020இல் விதி வந்தது. அது நல்ல விதி. உங்கள் அட்டையில் திறந்திருக்கிறதா? ஏ.டி.எம்.மிலோ பாங்கியின் போன் சேவையிலோ பாருங்கள். வேண்டாமென்றால் மூடிவிடுங்கள், வேண்டுமென்றால் 500 என்று வரம்பு வையுங்கள். அட்டையைப் பிறர் கையில் கொடுக்காதீர்கள். மிஷினில் தொகையைப் படித்த பிறகே காட்டுங்கள். தொலைந்தால் அந்த நிமிஷமே பாங்கிக்குச் சொல்லி முடக்குங்கள். பணம் போயிருந்தால் 1930க்கும் போன் செய்யுங்கள்.

படிக்கத் தெரியாத தோழருக்கு இதைச் சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொல்வது நம் கடமை. வரம்பு எவ்வளவு என்பதைப் பாங்கி மட்டும் முடிவு செய்யக் கூடாது. கூலி நம்முடையது, அதன் பூட்டும் நம் கையில் இருக்கட்டும்!