தகட்டின் சாமர்த்தியம்

போயிங் 737-இல் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் இறக்கையின் மேல்பரப்பைப் பாருங்கள். சின்னச் சின்னத் தகடுகள் வரிசையாக நிற்கும். விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்தால், காற்று இறக்கையை ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொள்ளும், தூக்குவிசை சரியும். தகடுகள் கிளப்பும் சுழல், மேலே ஓடும் வேகக் காற்றைக் கீழே இழுத்து, பரப்பையொட்டிச் சோர்ந்துபோன அடுக்குக்குத் தெம்பூட்டுகிறது. நேர்ப்பறப்பிலும் கொஞ்சம் இழுவை கூட்டுவதுதான் இவற்றின் குறை.

தகடு இல்லாமல், அந்தச் சோர்ந்த அடுக்கை உறிஞ்சி எடுத்தாலும் காற்று பிய்த்துக்கொள்வது தள்ளிப்போகும் என்று ஜெர்மன் இயற்பியலாளர் லுட்விக் பிராண்டல் 1904-இலேயே காட்டிவிட்டார்.

உறிஞ்சுவதற்குப் பதில் காற்றை ஊதலாமே? 2015-இல் நாசாவும் போயிங்கும் ஒரு 757-இன் செங்குத்து வாலில் 31 காற்றுத்தாரைக் கருவிகளைப் பொருத்திப் பறக்கவிட்டன. பலன் கிடைத்தது. ஆனால் குழாய், அழுத்தக் காற்று, எடை, பராமரிப்பு! அசையும் பாகமே இல்லாத தகட்டை விமானக் கம்பெனிகள் இன்னும் நம்புவது நியாயமே.