பிரிட்டனின் வாக்கும் ஜனங்களின் கொந்தளிப்பும்

ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, விலகுவதா என்று 2016-ம் வருஷம் ஜூன் 23-ந் தேதி பிரிட்டிஷ் ஜனங்களின் வாக்குக் கேட்கப்பட்டது. விலக வேண்டுமென்று 1 கோடியே 74 லக்ஷம் பேரும், இருக்க வேண்டுமென்று 1 கோடியே 61 லக்ஷம் பேரும் வாக்களித்தனர். மறுநாட்காலையிலேயே பிரதம மந்திரி மிஸ்டர் கேமரூன் தாம் பதவி விலகப்போவதாக அறிவித்தார். பவுண்டு நாணயத்தின் மதிப்பு 1985-க்குப் பிறகு காணாத அளவுக்கு வீழ்ந்தது.

மறு வாக்கெடுப்புக் கோரி, 40 லக்ஷத்துக்கு மேற்பட்ட கையெழுத்துக்களுடன் பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் சென்றது. அது குற்றமன்று. ஆனால் தோற்ற கட்சியாரிற் சிலர், விலக வாக்களித்தோரை விஷயமறியாப் பாமரரென்று ஏளனம் செய்ததை நாம் ஒப்ப முடியாது. கப்பல் கட்டும் தொழிலும் நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்ட சண்டர்லாந்து போன்ற ஊராரின் குறையை அதற்குமுன் செவிகொடுத்துக் கேட்டவர் எத்தனை பேர்?

ஜயித்தவர்களும் பெருந்தன்மை காட்டினாரில்லை. பார்லிமெண்டின் சம்மதமின்றி விலகலைத் தொடங்கலாகாதென்று நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, லண்டன் பத்திரிகையொன்று நீதிபதிகளை ஜனவிரோதிகளென்று தூற்றிற்று. ஸ்காட்லாந்தில் 100-க்கு 62 பேர் இருக்க விரும்பியதையும் அவர்களிற் பலர் பொருட்படுத்தவில்லை.

வாக்குச்சீட்டு விலகச் சொல்லிற்றேயன்றி, விலகும் வழியைச் சொல்லவில்லை. அவ்வழியை இரு கட்சியாரும் கூடி யோசித்திருக்க வேண்டும். பரஸ்பர நிந்தனையில் மூன்றரை வருஷம் கழிந்து, 2020 ஜனவரி 31-ந் தேதிதான் பிரிட்டன் வெளியேறிற்று.

பெரும்பான்மையின் முடிவை ஏற்பது தோற்றவர் கடமை. சிறுபான்மையோரையும் தேசத்தாராக மதிப்பது ஜயித்தவர் கடமை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஜனநாயகம் வெறும் தலையெண்ணிக்கையாய் முடியுமென்பதே நமது அபிப்பிராயம்.